எண்ணின் இடம் அறிந்த இராமானுஜன்

பொன்னி நதி பாய்ந்து வளங்கொழிக்கும் சோழ வளநாட்டில் குடந்தை மாநகர் கோயில்களுக்கும் கல்விக்கும் பெயர் பெற்றது. அந்நகரின் சாரங்கபாணி சந்நிதித் தெருவில் ஓட்டுக் கூரையும் ஒடுங்கிய திண்ணையும் உடைய சிறிய வீடு ஒன்று இன்றும் நிற்கிறது. துணிக்கடையில் கணக்கெழுதிய ஒருவரின் மகன் அவ்வீட்டில் வளர்ந்தான். பிற்காலத்தில் அவன் கடல் கடந்து சென்று, பதின்மூன்று இலக்கங்கள் கொண்ட ஓர் எண்ணை, ஒவ்வொன்றாக எண்ணிப் பாராமலே கடைசி இலக்கம் வரை பிழையற எழுதிக் காட்டும் வழியைக் கண்டான். கணித மேதை ஸ்ரீநிவாச இராமானுஜன் என்று உலகம் போற்றுவது அவனையே.

இம்மலரில் அவர் வரலாற்றை எழுதப் புகுந்ததற்குக் காரணம் உண்டு. போடிமெட்டு ஏறி வந்து சின்னக்கானலிலும் சூரியநெல்லியிலும் வேரூன்றிய நம் குடும்பங்களில் எண்ணோடு உறவில்லாத வீடு ஏது? கொழுந்தின் நிறையும் ஏலக்காயின் விலையும் நாள்தோறும் நம் வாயில் புழங்குகின்றன. ஒரு மாதத்தில் பறித்த கொழுந்து 1,005 கிலோ என்பது ஏட்டில் 105 என்று ஏறிவிட்டால், ஒரு சுழியம் மறைந்ததோடு 900 கிலோவுக்குரிய உழைப்பும் மறைந்துபோகிறது. மாலை வேளையில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கும் தாய்மார் இன்னொன்றையும் கண்டிருப்பர். ஆயிரத்து ஐந்து என்பதை எழுதச் சொன்னால், குழந்தை 10005 என்று எழுதி நிற்கும். ஆயிரம் என்று காதில் விழுந்தவுடன் 1000 என்று எழுதிவிட்டு, அடுத்து விழுந்த ஐந்தை அதன் பக்கத்தில் ஒட்டிவைக்கிறது. மூடத்தனம் என்று தலையில் குட்டுவது இதற்கு மருந்தாகாது.

ஏனெனில் அக்குழந்தை செய்தது நம் பாட்டனார் காலத்துக் கணக்கர் செய்ததேயாகும். பழந்தமிழ்க் கணக்கில் பத்துக்கு ௰ என்றும், நூற்றுக்கு ௱ என்றும், ஆயிரத்துக்கு ௲ என்றும் தனித்தனிக் குறிகள் இருந்தன. ஆயிரத்து ஐந்து என்பதை ௲௫ என்று எழுதினர். வாய் சொல்லும் வரிசையிலேயே கையும் எழுதிற்று. வெற்றிடம் என்பதே அங்கு இல்லையாகலின் சுழியத்துக்கு வேலையுமில்லை. இடமதிப்பு முறையோ வேறு வழியில் செல்வது. ஒன்று முதல் ஒன்பது வரையில் ஒன்பது குறிகள், அவற்றோடு ஒரு சுழியம். இவை பத்துமே போதும். குறி நிற்கும் இடம் அதன் மதிப்பைச் சொல்லும். வலக்கோடியில் நின்றால் ஐந்து வெறும் ஐந்து. ஓரிடம் இடப்புறம் நகர்ந்தால் ஐம்பது. இன்னும் இரண்டிடம் நகர்ந்தால் ஐயாயிரம். ஆள் இல்லாத இடத்தில் சுழியம் காவல் நிற்கிறது. ஆயிரத்து ஐந்தில் நூறும் பத்தும் இல்லை என்பதை வாய் சொல்வதில்லை. எழுத்து சொல்லியாக வேண்டும். குழந்தை தடுமாறுவது அந்தச் சொல்லப்படாத இரண்டு இடங்களிலேதான்.

இம்முறை பிறந்ததும் நம் பாரத நாட்டிலேயே. 499ஆம் ஆண்டில் இயற்றிய தம் நூலில் ஆரியபடர், ஒவ்வொன்றும் முன்னதைப் போல் பத்து மடங்காகப் பத்து இடங்களுக்குப் பெயர் சொல்லியிருக்கிறார். 628இல் பிரமகுப்தர் சுழியத்தைக் கொண்டு கூட்டவும் கழிக்கவும் விதி வகுத்தார். பின்னர் அராபியர் வழியாக மேற்குத் திசை சென்ற அச்செல்வம், பல நூற்றாண்டு கழித்து ஆங்கிலப் பள்ளிக்கூடங்களின் வழியாக, அயலார் சரக்கைப் போல நம் வீட்டு வாயிலுக்கே திரும்பி வந்தது.

இராமானுஜன் 1887ஆம் ஆண்டு டிசம்பர் 22ஆம் நாள் ஈரோட்டில், தாயாரைப் பெற்றவர்கள் வாழ்ந்த இல்லத்தில் பிறந்தார். தந்தையார் ஸ்ரீநிவாச ஐயங்கார், அன்னையார் கோமளத்தம்மாள். இரண்டாம் வயதில் கண்ட பெரியம்மையிலிருந்து பிழைத்தெழுந்தார். திண்ணைப் பள்ளியில் எழுத்தறிவிக்கப் பெற்று, பிறகு ஆங்கில முறைப் பள்ளியில் சேர்ந்தார். 1897இல் தொடக்கப் பள்ளித் தேர்வில் தஞ்சை மாவட்டத்தில் முதல்வராகத் தேறி, மறுவருடம் குடந்தை டவுன் உயர்நிலைப் பள்ளிக்குச் சென்றார்.

அப்பள்ளி நாட்களைப் பற்றி வழங்கும் கதை ஒன்று நம் பொருளுக்கு மிகவும் இயைந்தது. எந்த எண்ணையும் அதே எண்ணால் வகுத்தால் ஈவு ஒன்று என்பதை, மூன்று பழங்களை மூவருக்குப் பங்கிடும் எடுத்துக்காட்டால் ஆசிரியர் விளக்கினாராம். பழமும் இல்லை, பங்கு கேட்க ஆளும் இல்லை என்றால், அப்பொழுதும் ஆளுக்கொரு பழம் கிடைக்குமா என்று இராமானுஜன் எழுந்து கேட்டாராம். சுழியத்தை வெறும் வட்டமாக எண்ணாமல், தனக்கென்று ஒரு நடத்தை உள்ள எண்ணாக எண்ணிப் பார்த்த பிள்ளையின் கேள்வி இது. மூன்றோடு ஏழில் ஒன்று என்று நாம் குறுக்கிக்கொள்ளும் வட்டத்தின் விகிதத்தையும், இரண்டின் வர்க்கமூலத்தையும் தசமப் புள்ளிக்கு வலப்புறம் பல இடங்கள் வரை ஒப்பித்துத் தோழர்களை மகிழ்வித்தார் என்றும் உடன் பயின்றோர் கூறியுள்ளனர். தசமப் புள்ளிக்கு இடப்புறம் ஓரிடம் செல்லச் செல்ல மதிப்பு பத்து மடங்காகப் பெருகும். வலப்புறம் செல்லச் செல்லப் பத்தில் ஒன்றாகச் சுருங்கும். அவ்விரு திசையிலும் அச்சிறுவன் வீட்டு முற்றத்தில் நடப்பது போல் நடந்து பழகினான்.

1903ஆம் ஆண்டில் கார் என்னும் ஆங்கிலேயர் தொகுத்த கணிதச் சுருக்க நூல் ஒன்று அவர் கைக்கு வந்தது. ஆயிரக்கணக்கான சூத்திரங்களை நிறுவும் வழி விரிவாகக் காட்டாது அடுக்கிச் செல்லும் நூல் அது. ஒவ்வொன்றையும் தாமே நிறுவிப் பார்க்கத் தொடங்கிய இராமானுஜனுக்கு மற்ற பாடங்கள் கண்ணில் படாமற் போயின. 1904இல் பள்ளியில் கணிதப் பரிசும், குடந்தை அரசினர் கல்லூரியில் உபகாரச் சம்பளமும் பெற்றவர், பிற பாடங்களில் தவறி அதனை இழந்தார். சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் மீண்டும் முயன்றும் 1906, 1907ஆம் ஆண்டுகளில் எப்.ஏ. தேர்வில் தேறவில்லை. ஒரு பாடத்தில் கடலையே குடித்தவன் மற்றொன்றில் கரையில் நிற்பது உண்டு; நம் நாட்டுத் தேர்வு முறைக்கு அத்தகையோரை எங்கே வைப்பது என்று அன்று தெரியவில்லை. இன்று மட்டும் நன்றாகத் தெரிந்துவிட்டதா என்பதைப் பெற்றோர்தாம் சொல்ல வேண்டும்.

பட்டமில்லை, வேலையில்லை, பல நாள் வயிறார உணவுமில்லை. காகிதம் வாங்கக் காசு இல்லாமையால் சிலேட்டிலே கணக்கிடுவார், முழங்கையாலேயே அழிப்பார், முடிவை மட்டும் நோட்டுப் புத்தகத்தில் குறிப்பார். அந்த நோட்டுகளைக் கையில் எடுத்துக்கொண்டு ஒவ்வொரு பெரிய மனிதர் வாயிலாக ஏறி இறங்கினார். 1909இல் ஜானகி அம்மையாரை மணந்திருந்தபடியால் வேலை தேடும் கடமை இன்னும் கடுமையாயிற்று. இந்தியக் கணிதக் கழகத்தை நிறுவிய இராமசாமி ஐயர் அவருடைய நோட்டைக் கண்டு வியந்தார். நெல்லூர் மாவட்ட ஆட்சித் தலைவராயிருந்த இராமச்சந்திர ராவ் மாதம் 25 ரூபாய் தந்து சில காலம் தாங்கினார்.

1912ஆம் ஆண்டு மார்ச்சு முதல் நாள் சென்னைத் துறைமுகக் கழகத்தில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் கணக்குப் பிரிவுக் குமாஸ்தாவாக அமர்ந்தார். எண்களில் எல்லையற்ற தொடர்களைக் கண்டவர் ரூபாய் அணா பைசாவைக் கூட்டிக்கொண்டிருந்தார் என்று எழுதுவோர் உண்டு. நான் அப்படி எண்ணவில்லை. பேரேட்டின் ஒரு பத்தியில் இலக்கங்களை ஒன்றன்கீழ் ஒன்றாக, ஒன்றுக்கு நேரே ஒன்றும் பத்துக்கு நேரே பத்தும் வருமாறு நிறுத்திக் கூட்டும் ஒழுங்கு, எந்தக் கணிதனுக்கும் இழிவன்று. பேரேட்டுக்காரன் ஓரிடம் தவறினால் பத்து மடங்கு தவறுகிறான் என்பதை எவரும் அவனுக்குச் சொல்லித் தரவேண்டியதில்லை. அலுவலகத்தின் கணக்குத் தலைவர் நாராயண ஐயரும் கணிதப் பித்துடையவர். மாலை வேளைகளில் இருவரும் சிலேட்டும் கையுமாக அமர்வர். துறைமுகத்தில் சிதறிக் கிடக்கும் பொட்டலத் தாள்களைப் பொறுக்கி அவற்றிலும் இராமானுஜன் கணக்கெழுதினார் என்பர்.

1913 ஜனவரி 16ஆம் நாள் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்கு அவர் எழுதிய கடிதமும், அதன்பின் நிகழ்ந்தவையும் பலரும் அறிந்தனவாதலின் விரிக்கவில்லை. சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவி அளித்தது. 1914 மார்ச்சு 17ஆம் நாள் கப்பலேறினார். ஊரையும் உறவையும் விட்டு, பனி படர்ந்த அயல் மண்ணில், சைவ உணவைத் தாமே சமைத்துண்டு, மாதக்கணக்கில் தமிழ்ச் சொல் கேளாமல் இருந்த அவர் நிலை, பிழைப்புக்காக மலையேறிய குடும்பங்களில் பிறந்த நமக்குப் புரியாததன்று. அவர் சென்ற சில மாதங்களில் ஐரோப்பியப் பெரும்போர் மூண்டது. கறிகாய் கிடைப்பதே அரிதாயிற்று.

1915இல் அவர் வெளியிட்ட பெரிய கட்டுரை, உயர் பகு எண்களைப் பற்றியது. தன்னைவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் இல்லாத அளவு வகுத்திகளைக் கொண்ட எண்ணே உயர் பகு எண். 12ஐ 1, 2, 3, 4, 6, 12 என ஆறு எண்கள் மீதியின்றி வகுக்கும். அதற்குக் கீழ்ப்பட்ட எதற்கும் ஆறு வகுத்திகள் இல்லை. 24, 36, 48, 60 ஆகியவையும் இவ்வகையின. டஜனுக்குப் பன்னிரண்டும் மணிக்கு அறுபது நிமிடமும் பங்கிட எளிதாயிருப்பதன் இரகசியம் இதுவே. இவ்வெண்களின் பட்டியலை இராமானுஜன் 67,46,32,83,88,800 வரையில் கொண்டு சென்றார். இதற்கு வகுத்திகள் 10,080. இவ்வளவு நீண்ட பட்டியலில் அவர் ஒன்றே ஒன்றை விட்டுவிட்டார் என்று பின்வந்தோர் கண்டனர். விடுபட்டது 2,93,31,86,25,600. அதை 23ஆல் பெருக்கினால் பட்டியலின் இறுதி எண்ணே கிடைக்கும்! கணிப்பொறி இல்லாத காலத்தில், கையால் பெருக்கி வரிசைப்படுத்தியவர் ஒன்றைத் தவறவிட்டது வியப்பன்று. மற்றவற்றைத் தவறவிடாததே வியப்பு. இவ்வாராய்ச்சிக்காக 1916இல் கேம்பிரிட்ஜ் அவருக்குப் பட்டம் வழங்கியது.

இனி, இக்கட்டுரையின் உயிர்நாடியான பகுதிக்கு வருவோம்.

நான்கு ஏலக்காய் மூட்டைகள் இருக்கின்றன எனக் கொள்வோம். அவற்றை எத்தனை விதமாகக் குவியல் போடலாம்? நான்கும் ஒரே குவியலாக, மூன்றும் ஒன்றுமாக, இரண்டும் இரண்டுமாக, இரண்டும், ஒன்றும், ஒன்றுமாக, நான்கும் தனித்தனியாக. ஆக ஐந்து விதம். மூட்டைகளுக்குள்ளும் குவியல்களின் வரிசையிலும் வேறுபாடு பாராட்டுவதில்லை. இதனையே எண்ணின் பிரிவினை என்பர். விளையாட்டுப் போல் தோன்றும் இக்கணக்கு விரைவில் மலைபோல் வளர்கிறது. பத்து மூட்டைக்கு 42 விதம். ஐம்பதுக்கு 2,04,226. நூற்றுக்கு 19,05,69,292. இருநூற்றுக்கு?

மக்மாகன் என்னும் கணித அறிஞர், முன்னர் இந்தியாவில் பீரங்கிப் படையில் பணிபுரிந்தவர், ஒன்று முதல் இருநூறு வரை உள்ள எண்களின் பிரிவினைகளைக் கையாலேயே கணக்கிட்டுப் பட்டியலிட்டார். முன் எண்களின் விடைகளைக் கூட்டியும் கழித்தும் அடுத்ததைப் பெறும் பழைய முறை அது. ஓர் இடத்தில் ஓர் இலக்கம் பிறழ்ந்தால் அதற்குமேல் வரும் விடைகளெல்லாம் பாழ். அவ்வாறு பொறுமையோடு ஏறிச் சென்று இருநூறில் அவர் கண்ட விடை: 39,72,99,90,29,388.

நேயர்கள் இவ்வெண்ணைச் சற்று நின்று வாசித்துப் பார்க்க வேண்டும். வலப்புறத்திலிருந்து தொடங்கி, முதலில் மூன்று இலக்கம், பின் இரண்டிரண்டாகப் பிரிப்பது நம் நாட்டு வழக்கம். கடைசி ஏழு இடங்கள் கோடிக்கு உட்பட்டவை: தொண்ணூறு இலட்சத்து இருபத்தொன்பதாயிரத்து முந்நூற்று எண்பத்தெட்டு. அதற்கு இடப்புறம் எஞ்சியிருப்பவை 3, 9, 7, 2, 9, 9 என்னும் ஆறு இலக்கங்கள். கோடியைத் தாண்டியதும் நாம் புதுப் பெயர் தேடுவதில்லை. எத்தனை கோடி என்று மறுபடி முதலிலிருந்து எண்ணத் தொடங்குகிறோம். ஆகவே அந்த ஆறு இலக்கங்களைத் தனியொரு எண்ணாக நிறுத்தி, மூன்று இலட்சத்துத் தொண்ணூற்றேழாயிரத்து இருநூற்றுத் தொண்ணூற்றொன்பது கோடி என்று வாசிக்க வேண்டும். இங்கே நம் பிள்ளைகளுக்கு இன்னுமொரு வழுக்கல் உண்டு. தொண்ணூறு என்னும் சொல்லில் நூறு ஒலிக்கிறது; ஆனால் அது பத்தாம் இடத்துக்குரியது. தொள்ளாயிரத்தில் ஆயிரம் ஒலிக்கிறது. அதுவோ நூறாம் இடத்தது. மலையாளத்திலும் அப்படியே. காதை நம்பி எழுதினால் ஒன்பது எப்பொழுதும் ஓரிடம் இடப்புறம் தள்ளியே போய் அமரும்.

ஆங்கில முறையில் மும்மூன்றாகப் பிரித்து 3,972,999,029,388 என்று எழுதுவர். அன்றைய பிரிட்டனில் பில்லியன் என்றால் பத்து இலட்சம் பத்து இலட்சம். அமெரிக்காவிலோ நூறு கோடி. ஆகவே ஒரே எண்ணை இரு நாட்டாரும் இரு பெயரிட்டு அழைத்தனர். 1974இல்தான் பிரிட்டிஷ் அரசும் அமெரிக்க வழக்கை மேற்கொண்டது. பெயரும் காற்புள்ளியும் நாட்டுக்கு நாடு மாறும். எந்த இலக்கம் எந்த இடத்தில் நிற்கிறது என்பது மட்டும் குடந்தையிலும் கேம்பிரிட்ஜிலும் மூணாற்றிலும் ஒன்றே. இவ்வெண்ணின் பருமனை உணர வேண்டுமானால், விநாடிக்கு ஒன்றாக இரவும் பகலும் ஓயாது எண்ணினால் முடிக்க ஒரு இலட்சத்து இருபத்தையாயிரம் ஆண்டுகளுக்கு மேலாகும்.

படிப்படியாக ஏறாமல், இருநூறு என்று சொன்னவுடன் அதன் விடைக்கே நேரே செல்லும் சூத்திரம் உண்டா என்பதே இராமானுஜனும் ஹார்டியும் எடுத்துக்கொண்ட வினா. உறுப்பு உறுப்பாக நீளும் சூத்திரம் ஒன்றை இருவரும் கண்டனர். முதலில் நூறு என்னும் எண்ணுக்குச் சோதித்தனர். ஆறு உறுப்புகளைக் கூட்டியபோது 19,05,69,291.996 வந்தது, மக்மாகன் கண்டது 19,05,69,292. ஆயிரத்தில் நான்கு பங்கே வேறுபாடு. பிறகு இருநூறை எடுத்தனர். இங்குதான் ஒவ்வோர் இடமும் தன் உண்மையை ஒவ்வொன்றாக வெளியிடும் அழகைக் காண்கிறோம்.

முதல் உறுப்பு 39,72,99,89,93,185.896 என்று வந்தது. உண்மை விடையோடு ஒப்பிட்டால், கோடிக்கு மேற்பட்ட ஆறு இடங்களும் அப்படியே சரி. இலட்சத்திலும் அதற்குக் கீழும் மட்டும் 36,202 அளவுக்குக் குறைவு. மொத்தத்தைப் பார்க்க இது ஒன்றுமில்லை. வாணிகத்தில் எவரும் இத்துடன் நிறுத்திவிடுவர். இரண்டாம் உறுப்பு 36,282.978. அதைக் கூட்டியதும் இலட்சமும் ஆயிரமும் தம் இடங்களில் சரியாக அமர்ந்தன. ஆனால் நூறுக்குக் கீழே எண்பது அளவுக்கு மிகுதி. மூன்றாம் உறுப்பு 87.555ஐக் கழித்தது. இப்பொழுது கடைசி மூன்றிலக்கம் 381.319. நான்காவது 5.147ஐயும் ஐந்தாவது 1.424ஐயும் கூட்ட, 387.890 ஆயிற்று. ஆறாவது 0.071; ஏழாவது ஏதுமில்லை; எட்டாவது 0.043. முடிவு 39,72,99,90,29,388.004. பிரிவினைகளின் எண்ணிக்கை முழு எண்ணாகவே இருக்க முடியுமாதலின், புள்ளிக்குப் பின் வந்த அச்சிறு துணுக்கைத் தள்ளிவிட, மக்மாகன் பொறுமையாகக் கண்ட அதே எண் நிற்கிறது. பதின்மூன்று இடங்களிலும் ஒரு பிழையுமில்லை.

கோடிகளை நிறுத்தியது முதல் உறுப்பு. ஆயிரங்களை நேர்செய்தது இரண்டாவது. பத்தையும் ஒன்றையும் திருத்தியவை அதன்பின் வந்த சிற்றுறுப்புகள். இவர்களுடைய சூத்திரம் 1918இல் இலண்டன் கணிதக் கழகத்தின் வெளியீட்டில் அச்சேறியது. 1937இல் இராடமாக்கர் என்னும் அறிஞர் இதனைச் சற்றே மாற்றி, எத்தனை உறுப்பு வரை சென்றாலும் உண்மை விடையையே நெருங்கிச் செல்லும் தொடராக்கினார்.

அத்துடன் முடியவில்லை. மக்மாகனின் பட்டியலையும் அக்கட்டுரையோடு சேர்த்து அச்சிட்டிருந்தனர். பிறர் அதனை விடை சரிபார்க்கும் அட்டவணையாகக் கண்டனர். இராமானுஜன் அதன் ஒன்றாம் இடத்தையே கூர்ந்து நோக்கினார். 4க்கு 5, 9க்கு 30, 14க்கு 135, 19க்கு 490, 24க்கு 1,575, 29க்கு 4,565. நான்கிலோ ஒன்பதிலோ முடியும் எண்ணின் பிரிவினை எண்ணிக்கை எப்பொழுதும் சுழியத்திலோ ஐந்திலோ முடிகிறது! பட்டியலின் கடைசிக்கு முந்திய வரியில் 199க்குரிய 36,46,07,24,32,125 என்பதும் ஐந்திலேயே முடிகிறது. ஒன்றாம் இடத்தில் சுழியமோ ஐந்தோ இருந்தால் அவ்வெண் ஐந்தால் மீதியின்றி வகுபடும் என்பது மூன்றாம் வகுப்புப் பிள்ளையும் அறிந்தது. எத்தனை கோடி என்று அறியாமலே, ஒரே ஓர் இடத்தைக் கண்டு இவ்வெண் ஐந்தால் வகுபடும் என்று சொல்லிவிடலாம். பட்டியலில் கண்டது எல்லா எண்களுக்கும் பொருந்தும் என்பதை அவர் 1919இல் நிறுவியும் காட்டினார். ஏழுக்கும் பதினொன்றுக்கும் இத்தகைய ஒழுங்குகள் உண்டென்றும் கண்டார். மூட்டைகளைக் குவியல் போடும் கணக்கில், கூட்டலைத் தவிர வேறொன்றுமில்லாத இடத்தில், வகுத்தல் எங்கிருந்து வந்து புகுந்தது என்று கணிதர்கள் திகைத்தனர்.

இவ்வளவும் செய்தபோது அவர் உடல் நோயுற்றிருந்தது. 1917 முதல் ஒரு மருத்துவமனையிலிருந்து மற்றொன்றாக மாறிக்கொண்டிருந்தார். வாடகை மோட்டாரின் எண்ணான 1729, சுவையற்ற எண் என்று ஹார்டி சொல்ல, இரு கனங்களின் கூட்டுத்தொகையாக இரண்டு விதத்தில் எழுதக்கூடிய எண்களில் மிகச் சிறியது அதுவே என்று இராமானுஜன் விடையிறுத்தது அக்காலத்து நிகழ்ச்சியே. ஒன்றின் கனமும் பன்னிரண்டின் கனமும் 1 கூட்டல் 1728. ஒன்பதின் கனமும் பத்தின் கனமும் 729 கூட்டல் 1000. இரண்டாவதைத் தமிழ் எண்குறியில் எழுதிப் பார்ப்போர் ஒரு புன்னகை கொள்ளலாம். ௲ என்பதன் பக்கத்தில் ௭௱௨௰௯ஐ வைத்தாலே கூட்டல் முடிந்துவிடுகிறது. ஆயிரத்து ஐந்தைப் பிழையாக எழுதிய அக்குழந்தை இக்கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்கியிருக்கும்.

1918இல் இராயல் சொசைட்டியின் உறுப்பினராகவும், அதே ஆண்டு அக்டோபரில் டிரினிட்டி கல்லூரியின் பெல்லோவாகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார். டிரினிட்டியில் அப்பெருமை பெற்ற முதல் இந்தியர் அவரே. 1919 மார்ச்சில் தாயகம் திரும்பினார். குடந்தையிலும் கொடுமுடியிலும் காற்று மாற்றிப் பார்த்தும் பயனில்லை. 1920 ஏப்ரல் 26ஆம் நாள் சென்னைச் சேத்துப்பட்டில் உயிர் நீத்தார். வயது முப்பத்திரண்டே. படுக்கையிற் கிடந்த கடைசி நாட்களிலும் தாளும் பென்சிலும் அவர் கையை விட்டு அகலவில்லை. எழுதி முடித்த தாள்களை ஜானகி அம்மையார் சேர்த்து வைத்தார்.

அத்தாள்கள் சென்னைப் பல்கலைக்கழகத்தின் வழியாக ஹார்டியை அடைந்தன. பலர் கை மாறிய பின் டிரினிட்டி கல்லூரி நூலகத்துப் பெட்டி ஒன்றில் ஒடுங்கிக் கிடந்தன. 1976ஆம் ஆண்டில் ஜார்ஜ் ஆண்ட்ரூஸ் என்னும் அமெரிக்கப் பேராசிரியர் வேறெதையோ தேடிச் சென்றவிடத்தில் அவற்றைக் கண்டெடுத்தார்; நூற்றுக்கு மேற்பட்ட பக்கங்கள் நிறையச் சூத்திரங்கள் இருந்தன. தையல் கற்றுப் பிழைத்து, திருவல்லிக்கேணியில் எளிய வாழ்க்கை நடத்திவந்த ஜானகி அம்மையார் அப்பொழுதும் உயிரோடிருந்தார். 1994இல் அவர் மறைந்தார்.